முந்நூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து

786
உத்தமபாளையம்
14.11.1999

அன்புத் தம்பி அஷ்ரபுக்கு அக்கா அக்தர் பேகம் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் பாஜிலாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். சவூதியில் உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? ஏசி மிஷினைத் தனியாகத் தூக்காதே.

போன் பூத்தில் போய்ப் பேசலாம் என்றால் அங்கே கண்ணாடிக் கதவு உடைந்து மூன்று மாதமாகிறது. நான் உன்னிடம் பேசுவதற்கு வரிசையில் நிற்பவர்கள் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

பாஜிலா நிக்காஹ் பிப்ரவரி 13, ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. கம்பத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து தேதி குறித்துப் போனார்கள். உன் அறையில் இருக்கும் நசீமிடம் நீ பேசி, அவர் தம்பிக்கு என்று கொண்டுவந்த சம்பந்தம். நல்ல மனிதர்களாகத் தெரிகிறார்கள். பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது, வாய் திறந்து சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள்.

இனி அலுப்பான சங்கதி. தீபாவளிக்கு ஒரு படம் வந்திருக்கிறதே, குண்டு வைக்கிறவன் தொப்பி போட்டு வருவானாமே, அது தேனியில் ஓடுகிறது. அதைத் தடை செய்யச் சொல்லி கலெக்டருக்கு மனு கொடுக்க ஜமாஅத்தில் முடிவாயிற்று. மனு எழுத யாரிடம் வருவார்கள்? பத்திர ஆபீஸ் வாசலில் இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிற உன் மச்சானிடம்தான் வந்தார்கள். செயலாளர் மைதீன்பிச்சை சொல்லச் சொல்ல இவரும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டார். 'மேற்படி திரைப்படத்தைப் பார்த்து மனம் புண்பட்ட நாங்கள்' என்று ஆரம்பம். நம் ஜமாஅத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு அல்லவா, வீட்டுக்கு ஒரு கையெழுத்து.

எழுதி முடித்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீங்க போடலையா பாய்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் படத்தப் பாக்கலையே."

"யாருதான் பாத்தா? சினிமாப் பாக்கறதே ஹராமுன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

"அப்ப 'கேள்விப்பட்டு'ன்னு மாத்திருவோம். நானும் போடுறேன்."

"கேள்விப்பட்டுன்னா கலெக்டரு மதிப்பாரா? நீங்க ஏன் இப்பிடி வம்படிக்கிறீக?"

"எழுதிக் குடுக்கறது ஏந் தொழிலு, அத்தா. கையெழுத்து ஏஞ் சாட்சி. பொய்ச்சாட்சி பெரும்பாவம்னு போன ஜும்ஆவுல நம்ம இமாந்தானே பயான் பண்ணுனாக?"

வீட்டுக்கு வந்து இதை ஒரு செய்தியாகக்கூடச் சொல்லவில்லை. சோறு வைத்தேன், தின்றுவிட்டுப் படுத்தார். மறுநாள் தெருவில்தான் கேள்விப்பட்டேன். உனக்கு உன் மச்சானைத் தெரியும். நீ ஒரு வரி எழுதினால் கேட்பாரோ என்று பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.
அக்கா அக்தர் பேகம்


பிஸ்மில்லாஹ்
தம்மாம்
27.11.1999

அன்பு அக்காவுக்குத் தம்பி அஷ்ரப் எழுதியது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். நான் இங்கு சுகம். முதுகுவலி பரவாயில்லை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. மச்சானுக்கும் பாஜிலாவுக்கும் என் சலாம்.

முதலில் ஒன்று. கடிதத்தின் தலையில் 786 போடுவதை விட்டுவிடு. மார்க்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்று இங்கே விவரமானவர்கள் சொல்கிறார்கள். பிஸ்மில்லாஹ் என்று எழுத்தாலேயே எழுது.

கையெழுத்து விஷயம் படித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் சமுதாயத்தை இழிவு செய்கிற படம் அது. ஒரு கையெழுத்துப் போடுவதில் மச்சானுக்கு என்ன குறைந்துவிடும்? ஊரோடு நிற்கவேண்டிய நேரத்தில் சட்டம் பேசுவது சரியில்லை. கம்பத்தில் நசீம் அண்ணன் குடும்பம் ஜமாஅத்துக்குக் கட்டுப்பட்ட குடும்பம். நசீம் அண்ணன் இந்தப் படத்தின் மேல் ரொம்பக் கோபமாக இருக்கிறார். பெண் வீட்டில் இப்படி என்று அவர் காதுக்குப் போனால் நான் என்ன பதில் சொல்வேன்? சம்பந்தம் பேசியவன் நான்.

மச்சானுக்குத் தனியாக எழுதவில்லை. அவருக்கு நான் எழுதினால் அதில் எழுத்துப்பிழை பார்ப்பார். நீதான் எடுத்துச் சொல்லவேண்டும்.

வஸ்ஸலாம்.
அஷ்ரப்


786
உத்தமபாளையம்
8.12.1999

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அனைவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. நாளையோ மறுநாளோ பிறை தெரிந்தால் நோன்பு. அதற்குள் இதை எழுதி முடிக்கிறேன். 786 போட்டுத்தான் இருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கை பழகிவிட்டது. இது இல்லாத கடிதத்தை நம் அத்தா வாசிக்கவே மாட்டார்.

நீ எழுதியதை உன் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முத்திரைத்தாள் விற்கிற சுருளியாண்டியையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறிவிட்டார். எங்கே போகிறார் தெரியுமா? அந்தப் படத்துக்கு! கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒரு படத்துக்குக் கூட்டிப் போனதில்லை, தம்பி.

அன்றைக்குப் பார்த்து தியேட்டர் வாசலில் நம் ஆட்கள் தட்டி பிடித்து நிற்கிறார்கள். செயலாளரும் நிற்கிறார். இவர் நேராகப் போய் சலாம் சொல்லியிருக்கிறார்.

"வாங்க பாய், வாங்க. இந்தத் தட்டியப் பிடிங்க."

"இல்ல, படம் பாக்க வந்தேன். பாத்தாத்தான பார்த்தோம்னு கையெழுத்துப் போட முடியும்?"

சொல்லிவிட்டு அவர்கள் கண்முன்னாலேயே டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டாராம். சுருளியாண்டி வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "பாதிப் படம் பாய் தூங்கிட்டாருக்கா. அப்பறம் முழிச்சவரு, கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. நான் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்" என்றார்.

உன் மச்சானிடம் கேட்டேன், அப்படி என்னதான் இருக்கிறது என்று. குண்டு வைக்கப் போகிறவன் கைகால் கழுவி ஒளுச் செய்து தொழுதுவிட்டு, முஸல்லா விரிப்புக்கு அடியிலிருந்து குண்டை எடுக்கிறானாம். "அது வலிச்சுச்சு அக்தர். நான் தொழுகுற தொழுகையத்தானே அவனும் தொழுகுறான்னு காட்டுறாக. அது தப்பு" என்றார். ஆனால் அவனைப் பெற்றவள் ஒருத்தி வருகிறாளாம். மகன்தான் செய்தான் என்று தெரிந்ததும் தஸ்பீஹ் மணியைக் கையில் பிடித்தபடி நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறாளாம். "அவளும் துலுக்கச்சிதானே? முழுப் படத்தையும் தடை பண்ணுனா அவளையுமில்ல தடை பண்ணணும்?"

வெளியே வந்தபோது செயலாளர் அதே இடத்தில் நின்றிருக்கிறார். "இப்பப் பாத்துட்டீகள்ல? போடுறீகளா?" என்று மனுவை நீட்டினாராம். "பாக்காம இருந்தப்ப ஒரு காரணத்துக்குப் போட முடியல. இப்ப வேற காரணத்துக்குப் போட முடியல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செயலாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் மகன் மதுரையில் படிக்கிறான். பேரைக் கேட்டதும் நான்கு வீட்டில் ரூம் இல்லை என்றுவிட்டார்களாம். உன் மச்சானும் அதைத்தான் சொல்கிறார். கோபம் நியாயம்தானாம், பொய்தான் நியாயமில்லையாம். அதனால் கலெக்டருக்குத் தானே தனியாக ஒரு பக்கம் எழுதினார். இன்ன தேதியில் இன்ன தியேட்டரில் பார்த்தேன், இந்தக் காட்சி என் மனதைப் புண்படுத்தியது, அதை மட்டும் நீக்கக் கோருகிறேன் என்று. அதோடு விட்டாரா? அதன் நகலை ஜமாஅத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்! பள்ளிவாசல் நம் வீட்டிலிருந்து ஏழாவது வாசல். பத்திர ஆபீஸ் பழக்கம், முறையாகச் செய்கிறோம் என்று நினைத்திருக்கிறார். தபால்காரர் பள்ளிக்குள் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததும் ஊரே கொதித்துவிட்டது. படம் பார்த்ததைக்கூட மன்னித்திருப்பார்கள் போல. "ஒரே தெருவுல இருந்துக்கிட்டு வக்கீல் நோட்டீஸ் விடுறாரா?" என்கிறார்கள்.

சினிமாக்காரன் குண்டு வைக்க நம்மைத் தேடுகிறான். நம் ஆட்கள் கூட்டம் கூட்ட சினிமாவைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சட்டி பானை கழுவி, மகளைக் கட்டிக் கொடுக்கிற வேலை கிடக்கிறது.

ஒன்று கேட்கிறேன். புதுப்படக் கேசட் எல்லாம் அங்கே முதல் வாரமே வந்துவிடும் என்று நீ முன்னே எழுதியிருக்கிறாய். நீ இந்தப் படத்தைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் உனக்கு என்ன தோன்றியது?

வஸ்ஸலாம்.
அக்கா


786
உத்தமபாளையம்
10.1.2000

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். நீ சுகமா? டிசம்பரில் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நோன்புக் காலம், வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்ளும்போது உன் மச்சானுக்கு விரல்நுனி கொடுத்தவர்கள் பாதிப் பேர். வீட்டுக்கு வந்து சேமியாப் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அந்தப் படத்தைத் தேனியில் தூக்கி ஒரு மாதமாகிவிட்டது. அதே தியேட்டரில் வேறு படம் வந்து, அதுவும் போய்விட்டது. கையெழுத்து மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முந்நூற்றுப் பதினொன்று வந்துவிட்டதாம். ஒரு தலைக்கட்டு குறைந்தால் ஜமாஅத்துக்கு மரியாதை இல்லை என்று செயலாளர் மனுவைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார். முந்தாநாள் ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்: "உசேன் பாய் கையெழுத்து வந்தா, நிக்காஹுக்குத் தப்தர் வரும்."

பதிவு எழுத ஜமாஅத் தப்தர் வராமல், நடத்திவைக்க இமாம் வராமல் எங்கே நிக்காஹ் நடக்கும்? பத்திரிகை அடித்து வந்துவிட்டது. பாஜிலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று அவள் அத்தாவிடம் போய், "நீங்க போட வேணாம்த்தா. எனக்குக் கலியாணம் வேணாம்" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. ஒருவேளை பார்த்திருந்தால், நசீமிடம் பேசிப் பாரேன். கம்பத்து ஜமாஅத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் இங்கே இறங்கி வருவார்கள்.

அக்கா


பிஸ்மில்லாஹ்
தம்மாம்
14.1.2000

அன்பு அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள். நான் சுகம். நோன்பில் இரவு வேலை என்பதால் எழுத முடியவில்லை.

உன் டிசம்பர்க் கடிதம் வந்தது. மச்சான் தியேட்டருக்கே போனது இங்கே நசீம் அண்ணனுக்கு உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவர் அம்மா போனில் அழுதிருக்கிறார்கள். தப்தர் வராத வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்கிறார்கள். நான் நசீம் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறேன். அவரிடம் பேசிப் பார் என்று நீ எழுதலாம், ஆனால் நான் இதைப் பேசுவது சரிவராது. காரணத்தைக் கடிதத்தில் எழுத முடியாது.

அக்கா, எப்படியாவது அந்தக் கையெழுத்தை வாங்கிக் கொடு. பிள்ளை வாழ்க்கையா, படமா? வேறு எதையும் இப்போது யோசிக்காதே.

அங்கே குளிர் அதிகமா? இங்கே இரண்டு கம்பளி போர்த்துகிறோம்.

வஸ்ஸலாம்.
அஷ்ரப்


786
27.1.2000

தம்பி, சலாம். அனைவரும் சுகம்.

கையெழுத்து ஆகிவிட்டது. தப்தர் வரும். நிக்காஹ் குறித்த தேதியில் நடக்கும். சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிவிடு.

உன் மச்சானுக்கு இதைப் பற்றி நீ எதுவும் எழுதவேண்டாம். பாராட்டியும் எழுதவேண்டாம்.

அக்கா


பிஸ்மில்லாஹ்
தம்மாம்
8.2.2000

அன்பு அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ். உன் நான்கு வரியைப் படித்தபோது தலையிலிருந்து மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. நசீம் அண்ணன் அறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

கம்பத்திலிருந்து இன்னொரு தகவலும் வந்தது. ஜும்ஆ முடிந்ததும் செயலாளர் மைக்கில் மச்சான் பெயரைச் சொல்லி, முந்நூற்றுப் பன்னிரண்டும் பூர்த்தியாகிவிட்டது என்று நன்றி சொன்னாராமே. மச்சான் எழுந்து ஒன்றும் மறுக்காமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தாராம். இவ்வளவு பெரிய மனது அவருக்கு. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. பாஜிலாவின் நிக்காஹுக்கு மாமன் நான் இல்லாமல் போகிறது. ஊருக்கு வருகிற ஒருவரிடம் அவளுக்குத் துப்பட்டாவும் பேரீச்சம்பழமும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதிலேயே மச்சானுக்கு ஒரு நல்ல பேனாவும் வைத்திருக்கிறேன்.

நிக்காஹ் எப்படி நடந்தது என்று விவரமாக எழுது.

அஷ்ரப்


786
உத்தமபாளையம்
20.2.2000

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா?

நிக்காஹ் நன்றாக நடந்தது. ஆண்கள் பந்தி ஏழு. பிரியாணி மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. சுருளியாண்டி வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தார். துப்பட்டா பாஜிலாவுக்கு எடுப்பாக இருந்தது. மாமா வரவில்லை என்று ஒரு மூச்சு அழுதாள். செயலாளர் தப்தரைத் தானே அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். உன் மச்சானைக் கட்டித் தழுவினார்.

தப்தரில் பெண்ணின் தகப்பன் கையெழுத்துப் போடும் இடத்தில் உன் மச்சானுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. நாளைக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிற மனிதர். இமாம்கூட, "என்ன பாய், பேனா ஓடலையா?" என்றார். நீ அனுப்பிய பேனாதான். நன்றாகத்தான் ஓடுகிறது.

மகள் போனபிறகு வீடு அப்படியே கிடக்கிறது. அசதியாக இருக்கிறது. இனி கொஞ்ச நாளைக்கு எழுதவில்லை என்றால் தப்பாக நினைக்காதே.

அக்கா


786
தம்மாம்
5.5.2000

அன்பு அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதி இரண்டரை மாதமாகிவிட்டது. பாஜிலா எழுதியதில்தான் நீங்கள் சுகம் என்று தெரிந்துகொண்டேன்.

தலையில் 786 போட்டிருக்கிறேன். இதை நம் வீட்டுக் கடிதமாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

நீ இரண்டு தடவை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. பார்த்தேன் அக்கா. தீபாவளி முடிந்து நான்காம் நாள் கேசட் வந்துவிட்டது. கொண்டுவந்தவரே நசீம் அண்ணன்தான். அறையில் நாங்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் மலையாளிகள். கதவைப் பூட்டிக்கொண்டு பார்த்தோம். முஸல்லாவுக்கு அடியிலிருந்து குண்டை எடுக்கிற இடத்தில் எல்லோருக்கும் முகம் கருத்துவிட்டது. ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். அப்புறம் அந்த அம்மா ஸ்டேஷனுக்கு நடக்கிறாள் பார், அங்கே நான் அழுதேன். நசீம் அண்ணனும் அழுதார், தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு. படம் முடிந்ததும், "ஊருக்கு யாரும் இத எழுதக் கூடாதுடே" என்றார். சரி என்றேன்.

அதற்கப்புறம்தான் உன் முதல் கடிதம் வந்தது. மச்சான் பார்க்காமல் போடமாட்டேன் என்கிறார். நானோ பார்த்துவிட்டு, பார்க்காதவனைப் போல் உனக்குப் புத்தி சொல்லி எழுதினேன். அவருக்கு வலித்த இடத்தில்தான் எனக்கும் வலித்தது, அவர் அழுத இடத்தில்தான் நானும் அழுதேன். அதைச் சொல்லியிருந்தால் உனக்கு ஒரு துணையாக இருந்திருக்கும். சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். அல்லாஹ்வுக்குப் பயந்ததைவிட நசீம் அண்ணனுக்குப் பயந்தேன்.

மச்சானை எப்படிப் போட வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி
அஷ்ரப்


786
உத்தமபாளையம்
17.1.2001

அன்புத் தம்பி அஷ்ரபுக்கு அக்கா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் சுகம். பாஜிலா ஏழாம் மாதத்துக்கு இங்கே வந்திருக்கிறாள். மாங்காய் கேட்கிறாள். தை மாதத்தில் மாங்காய்க்கு நான் எங்கே போக?

நடுவில் இரண்டு கார்டு போட்டேன். ஆனால் உன் மே மாதக் கடிதத்துக்கு இதுதான் பதில். இத்தனை நாள் எழுத முடியவில்லை. நீ சொன்னதால் நானும் சொல்லவேண்டும், அதற்குத் தெம்பு வரவில்லை.

உன் மச்சான் கையெழுத்துப் போடவில்லை. நான்தான் போட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். செயலாளர் மனுவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே நின்று, "நானும் பொட்டப்பிள்ளை பெத்தவன்தான் ஆத்தா. எல்லாரும் போட்டுட்டாக, இனி நான் இறங்கி வந்தா என்னைய விடமாட்டாக. இத இங்கன வச்சுட்டுப் போறேன். அசர் தொழுகைக்குப் பெறகு வாரேன்" என்று சொல்லி, காகிதத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதரும் சலித்துத்தான் போயிருந்தார்.

முந்நூற்றுப் பதினொரு கையெழுத்துக்குக் கீழே ஓர் இடம் வெறுமனே இருந்தது. பத்திரிகைக் கட்டு பக்கத்தில் இருந்தது. அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். பால் கணக்கு நோட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பிறகு மனுவில் போட்டேன். அவர் போட்டதைவிட நன்றாக இருந்தது. அசருக்குப் பிறகு செயலாளர் வந்தார், பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மைக்கில் சொன்னபோது உன் மச்சான் அடக்கமாக உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாயே. அவர் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறார். எழுந்து 'நான் போடவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்தர் வராது, போட்டது யார் என்ற கேள்வியும் வரும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சோறு வை" என்றார். நான் வைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், தம்பி.

நிக்காஹ் அன்று அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது ஏன் தெரியுமா? அவர் போட்டது பழைய கையெழுத்து இல்லை. சுழியில்லாமல், கோடில்லாமல், சின்னப் பிள்ளை எழுதுவது மாதிரி 'மு. உசேன்' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். இமாம் தப்தரைத் தூக்கிக் காட்டியபோது பார்த்தேன். அழுதுவிட்டேன். மகளைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் தேற்றினார்கள். அன்றுமுதல் பத்திரத்திலும் அதேதான் போடுகிறார்.

இப்போது பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். தெரு முழுக்க ஒரே வசனம். செயலாளர் வீட்டில்தான் சத்தம் அதிகம், அவர் பேரப்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் என்ன ஆயிற்று என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. உன் மச்சான் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த முதல் படம் அதுதான்.

விளம்பரம் ஓடும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்னங்க, அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"படத்தப் பாரு அக்தர். அந்த ஆத்தா ஸ்டேஷனுக்கு நடக்குற எடம் வரப் போகுது" என்றார்.

நடந்தாள். பார்த்தேன். பெற்ற மகனைப் பற்றி உள்ளதைச் சொல்ல ஒருத்தி நடக்கிறாள். பெற்ற மகளுக்காக இல்லாததை எழுதியவள் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். அவர் தன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

நேற்று பாஜிலாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு கார்பன் நகல் இருந்தது. மாதிரிக் கையெழுத்தை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு பதிவாளர் ஆபீசுக்கு எழுதியது. தேதி 31.1.2000. அந்த ஜும்ஆ முடிந்த திங்கட்கிழமை. 'மாற்றக் காரணம்' என்ற இடத்தில், 'கடந்த சில மாதங்களாகக் கை நடுக்கம் உள்ளதால் பழைய கையொப்பம் இட இயலவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

அவருக்குக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை, தம்பி. எனக்குத்தான் கண் தெரியவில்லை என்று, முந்தாநாள்கூட வரப்போகிற பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்க அவர்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். ஒரே தடவையில் கோத்தார். உள்ளபடி காரணம் எழுதினால் என் பேர் வந்துவிடும். முந்நூற்றுப் பதினொரு பேர் கேட்டும் எழுதாத பொய்யை எனக்காக உட்கார்ந்து எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

நகலை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. முதுகைப் பார்த்துக்கொள். மாங்காய் ஊறுகாய் அங்கே டப்பாவில் கிடைத்தால் பாஜிலாவுக்கு இரண்டு அனுப்பு.

வஸ்ஸலாம்.
உன் அக்கா
அக்தர் பேகம்